நூருன்னிஸா பார்க்காத கடைசிக் காட்சி

“இந்தக் கலர் நம்மட கெமராக்கு ஒத்துவராது” என்று நூருன்னிஸா சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடுப்பு எங்கேயோ கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை எப்போதும் தொங்கும். பெண்கள் என்றால் சாம்பல் நிறச் சால்வை. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க நான் முதல் தடவை அங்கே போன அன்று என் ஜாக்கெட்டின் தோளில் தையல் விட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. கெமராவைத் திட்டிக்கொண்டே சால்வையை என் தோளில் போட்டு, நுனியை அவரே இழுத்துச் சரிசெய்தார். வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் கிழிசலைக் கண்டேன். கெமராவுக்கு எல்லாக் கலரும் ஒத்துவரும் என்பது கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் விளங்கியது.

மாத்தளையில் அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் நான் பூக்கட்டி விற்கிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஸ்டூடியோ. அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. குட்டையான ஆள். நடை வேகம். வாயில் ஓர் ஏலக்காய் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. படம் எடுக்க வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார். “நாடியக் கொஞ்சம் எறக்குங்க, பொலிஸுக்கு முறைக்கிற மாதிரி முறைக்காதீங்க” என்பார். சிங்களத்தில் வந்தவரிடம் அதையே சிங்களத்தில் சொல்வார். சிரிக்கத் தொடங்கினால், “ஐயோ, சிரிக்கவும் வாணாம், இது கலியாணப் படமில்ல” என்பார். எல்லாவற்றுக்கும் ஒரு கோபம். ஆனால் அந்தக் கோபத்தில் யாரும் பயப்பட்டதை நான் பார்த்ததில்லை.

அவருடைய உண்மையான தொழில் அடையாள அட்டைப் படமில்லை. முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண்கள் போகக்கூடாது. மாத்தளையிலும் உக்குவளையிலும் சுற்று ஊர்களிலும் அந்த வேலைக்கு நூருன்னிஸாவைத்தான் கூப்பிடுவார்கள். மணப்பெண்ணின் அறையில் முக்காடு இல்லாமல், தலைவிரிய, ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு பிள்ளைகள் சிரிக்கிற அந்தச் சிரிப்பை எடுக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான் இருந்தது. எடுத்து முடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். கெமராவின் பக்கத்துக் கதவைத் திறந்து, படம் பதிந்திருக்கிற அட்டையைக் கழற்றி, பெண்ணின் தாயுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுவார். அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

“அமானிதம் அக்கா. அந்த வீட்டுச் சாமான் அந்த வீட்டுலயே நிக்கணும். எனக்கு எனத்துக்கு மத்தவங்கட புள்ளட முகம்?”

நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் அமானிதம் என்பார்கள். கோயிலில் நேர்ந்துவிட்டதை நாம் எப்படித் தொடமாட்டோமோ, அப்படி.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் எனக்கு வியாபாரம் இல்லை. காலைப் பூசைக் கூட்டம் கலைந்து, சாயங்காலக் கூட்டம் வருவதற்கு நேரமிருக்கும். அவருடைய தம்பி அகீல் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போய்விடுவார். ஸ்டூடியோவின் கதவைப் பாதி சாத்திவிட்டு நூருன்னிஸா என்னைக் கூப்பிடுவார். “வாங்க அக்கா, அவன்ட களவப் பாப்பம்.”

அவன் என்றால் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் கதாநாயகன். எப்போதோ தொலைக்காட்சியில் போட்டதை அகீல் பதிந்து கொடுத்திருக்கிறார். மர்மப் படம். அந்தக் காலத்து ஆட்கள் அதைப் பற்றி இன்றும் கண்விரியப் பேசுவார்கள். படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலையூரில் ஒரு ஸ்டூடியோக்காரன். ஓர் இளம்பெண் தன் அண்ணியோடு வந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கிறாள். “ஒரு படம் போதும்” என்று இரண்டு தடவை சொல்கிறாள். கொஞ்ச நாளில் அவள் ஏரியில் பிணமாக மிதக்கிறாள். தானே விழுந்தாள் என்று ஊர் சொல்கிறது. ஸ்டூடியோக்காரன் நம்பவில்லை. அவளுடைய படத்தைப் பெரிதாக்கிக் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட்டு, அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று காத்திருக்கிறான். ஒருநாள் அவளுடைய சிற்றப்பன் அதைத் திருட வந்து மாட்டிக்கொள்கிறான். சொத்துக்காகக் கொன்றவன் அவன்தான். சிறு வயதில் இருந்து அவனுக்குப் பயந்துதான் அந்தப் பெண் பெயரை மாற்றிக்கொண்டு அந்த ஊரில் ஒளிந்திருந்தாள். கடைசியில் ஊரே திரண்டு வந்து ஸ்டூடியோக்காரனுக்கு மாலை போடுகிறது.

அந்த மாலை விழுவதை நூருன்னிஸா பார்க்கவிடமாட்டார். கூட்டம் மாலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரும்பும்போதே ரிமோட்டை அமத்திவிடுவார். திரை கறுப்பாகிவிடும்.

முதல் தடவை நான் கேட்டேன். “ஏங்க, நல்ல முடிவு தானே?”

“எனத்த நல்ல முடிவு? கொலகாரனப் புடிச்சதோட எல்லாரும் எழும்பிப் போறாங்க. அவ ஒளிஞ்சிருந்த ஊர கொலகாரனுக்குக் காட்டிக் குடுத்தது யாருன்னு ஒரு மனிசன் கேட்டானா?”

பிறகு படத்தைப் பின்னுக்கு ஓட்டுவார். எனக்கு இப்போது அந்த இடங்கள் மனப்பாடம். பெண் படம் எடுத்துப் போன பிறகு, இருட்டறையில் ஸ்டூடியோக்காரன் பாடிக்கொண்டே படம் கழுவுகிறான். நல்ல பாட்டு. எல்லாரும் பாட்டைத்தான் கேட்பார்கள். நூருன்னிஸா அந்த இடத்தில் நிறுத்தி, எழும்பிப் போய், விரலால் திரையைத் தொட்டுக் காட்டுவார். கயிற்றில் படங்கள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன.

“பாருங்க. ரெண்டு காயுது. அவ கேட்டது ஒண்டு.”

இன்னொரு இடம். சிற்றப்பன் முதன்முதலாக அந்த ஊரில் பஸ்ஸில் இருந்து இறங்குகிறான். சுருட்டுப் பற்றவைக்க ஸ்டூடியோவின் முன்னால் ஒதுங்குகிறான். அவனுடைய தோளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி. அதில் அந்தப் பெண்ணின் முகம். கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள்!

“செத்ததுக்குப் பொறகு நியாயம் தேடித் தொங்கவிட்டானாம். இல்லக்கா. அதுக்கு முன்னுக்கே தொங்கவிட்டிருக்கான், வடிவான முகம், கடைக்கு ஆள் வரும்னு. அவன்தான் கொலகாரனுக்கு அட்ரஸ் குடுத்தவன். அவனுக்குப் போய் மாலை!”

படத்தில் ஒரு பொலிஸ்காரர் கடைசியில் கேட்கிறார், சிற்றப்பன் இவ்வளவு காலம் கழித்து எப்படி அவளைக் கண்டுபிடித்தான் என்று. ஸ்டூடியோக்காரன் வானத்தைப் பார்த்து, விதிதான் கூட்டிவந்தது என்கிறான். அந்த வசனம் வந்தால் நூருன்னிஸாவுக்கு முகம் சிவந்துவிடும். “விதியாம்! ஆணி அடிச்சது இவன், பழி ஆண்டவனுக்கு.” அதில் எனக்கும் கோபம்தான். நாம் செய்ததைக் கடவுள் தலையில் கட்டுவதைப் போல ஓர் அசிங்கம் உண்டா?

ஒருநாள் என்னிடம் விளையாட்டாகக் கேட்டார். “அக்கா, அவனுக்குப் போட அந்த மாலைய உங்ககிட்ட ஓடர் பண்ணியிருந்தா கட்டிக் குடுத்திருப்பீங்களா?”

“கட்டுறது என் தொழிலாச்சே” என்றேன். சிரித்தோம்.

போன வருசம் எங்கள் ஊர்க் கலை வட்டத்தார் பழைய படங்கள் காட்டுகிற விழா வைத்தார்கள். இதே படத்தையும் போட்டார்கள். நூருன்னிஸா அகீலை ஸ்டூடியோவில் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் கூட்டம் மாலையைத் தூக்கியதும் என்னை வெளியே கூட்டிப்போய், படம் முடிந்த பிறகுதான் உள்ளே கூட்டிவந்தார். தலைவர் ராசையா ஐயா, தபாலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த ஸ்டூடியோக்காரனின் கூர்மையைப் புகழ்ந்து பேசினார். யாருக்காவது கருத்து இருந்தால் சொல்லலாம் என்றார். நூருன்னிஸா எழும்பி நின்று சொன்னார். இரண்டு படம் காய்ந்ததை, சுருட்டுப் பற்றவைத்ததை, எல்லாவற்றையும்.

பின்வரிசையில் இருந்து ஒருவர், “அப்ப கெமராக்காரன் மேல கேஸ் போடுவோமா?” என்றார். இன்னொருவர், “அவங்களும் ஸ்டூடியோ தானே வச்சிருக்காங்க, தொழில் போட்டியா இருக்கும்” என்றார். மண்டபமே சிரித்தது. ராசையா ஐயா நல்ல மனுசன், சிரிக்கவில்லை. “இல்லம்மா, அது படம் எடுத்தவங்க விட்ட பிழை. கடைசிக் காட்சிகள எடுத்துட்டு, பொறகு முதல் காட்சிய எடுத்திருப்பாங்க. பெட்டியில இருந்த படத்தக் கழட்ட மறந்திருப்பாங்க. தெரியாம நடந்தது” என்றார். அதுவும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

நூருன்னிஸா உட்காரவில்லை. “தெரியாம வெச்சாலும் வெச்சது வெச்சது தானே ஐயா. அந்தப் புள்ள செத்தது செத்தது தானே.”

அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு பெண் நியாயம் பேசினால், அதில் அவளுக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் தேடுகிறார்கள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு அகீல் புதிய கெமரா ஒன்று வாங்கினார். அதோடு நூருன்னிஸா முதலில் போனது அம்றா என்கிற பிள்ளையின் கல்யாணத்துக்கு. அந்தப் பிள்ளைக்குத் தலைக்கு மல்லிகை கட்டிக் கொடுத்தது நான்தான். நெருக்கிக் கட்டி, நடுவில் ஒரு சிவப்பு ரோஜா வரி. அன்று பெண்கள் அறையில் எப்படிச் சிரிப்பு என்று நூருன்னிஸா வந்து சொன்னார். வழக்கம் போல அட்டையைக் கழற்றித் தாயின் கையில் மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அம்றா உக்குவளைக்கு வாழப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் நிரஞ்சனி என்று ஒரு பிள்ளை, தன் கல்யாணத்துக்குப் பூ ஓடர் கொடுக்க என் கடைக்கு வந்தாள். போனை நீட்டினாள். “அக்கா, இந்த மாதிரி வேணும். பேஸ்புக்ல பார்த்தேன். உங்களால கட்ட ஏலுமா?”

அந்த ரோஜா வரி என் கை கட்டியது. கீழே அம்றாவின் முகம். முக்காடு சரிந்து தோளில் கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மேலே நூருன்னிஸாவின் ஸ்டூடியோப் பெயர். அதை வாசிக்க எனக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை, ஆனால் நம்புவதற்கு நேரம் எடுத்தது. அம்மா தாயே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, நிரஞ்சனியையும் போனையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

நூருன்னிஸா பார்த்த உடனே, “இது வேற புள்ள” என்றார்.

“பூ என் பூ தங்கச்சி.”

“நான் அட்டையக் குடுத்தேன் அக்கா. அவட உம்மாட கையில. இந்தக் கையால.”

பிறகு புதிய கெமராவை எடுத்தார். பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளே அட்டை வைக்க இரண்டு பள்ளம். ஒன்று வெறுமை. மற்றதில் ஓர் அட்டை செருகி இருந்தது. அந்த இரண்டாவது இடம், ஒரு அட்டை நிறைந்தால் மற்றதைப் போடுவதற்காக வைத்திருக்கிற இடம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார், வேனுக்குப் பின்னால் இருக்கிற ஸ்பெயார் சில்லு மாதிரி. ஒவ்வொரு படமும் இரண்டிலும் சேர்ந்தே பதிகிற மாதிரி அகீல் மாற்றி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏலக்காயைத் துப்பினார்.

“ரெண்டு காயுது, அக்கா” என்றார்.

அகீல் கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அவர் வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் புரிந்துகொண்டார். “ராத்தா, ஒரு அட்டை பழுதாப் போனா யாரு பதில் சொல்ற? அதுக்குத்தான் ரெண்டு. எல்லா ஊர்லயும் இப்பிடித்தான்” என்றார்.

“பழுதாப் போனா அந்த வீட்டுக்குப் போய் அழுதுட்டு வாறேன். நீ எனத்துக்கு எடுத்துப் போட்டாய்?”

“ஒரே ஒரு படம். கண்ணு மூடித்தானே இருக்கு. எவ்வளவு பேர் நல்லாருக்குன்னு போட்டிருக்காங்க, பாருங்க. இதுல என்ன கொலையா நடந்துடுச்சு?”

“கொல நடந்தாத்தான் பிழையாடா உனக்கு?”

“சரி, பேஸ்புக்ல இருந்து எடுத்துட்டேன். இந்தா, இல்ல. போயிடுச்சு. இது அல்லாஹ்ட நாட்டம்னு விட்டுடுங்க.”

“ஆணி அடிச்சது நீ!” நூருன்னிஸா எழும்பிவிட்டார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீ அடிச்ச ஆணிய அல்லாஹ் மேல போடாத. அந்த வசனத்த என்ட கடையில சொல்லாத!”

படத்தை நீக்கியாகிவிட்டது, உண்மை. ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அம்றாவின் தாய் அன்றே நூருன்னிஸாவுக்குப் போன் எடுத்து அழுதார். உக்குவளைக்கு ஸ்டூடியோவின் பெயர் இல்லாமல் படம் மட்டும்தான் போன் போனாகப் போயிருந்தது. அங்கே மாமியார் வீட்டில், இந்தப் படத்தை மருமகள்தான் கூட்டாளிகளுக்கு அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அட்டை பெண் வீட்டின் கையில் அல்லவா இருந்தது? வேறு யார் வெளியே விட்டிருக்க முடியும்? பிள்ளையின் போனைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பேசுவதில்லையாம். தாயைக்கூட வந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நூருன்னிஸாவின் பெயர் யாருடைய வாயிலும் வரவில்லை. அவர் அட்டையைக் கொடுத்ததை ஒரு வீடு முழுக்கப் பார்த்திருக்கிறது. அவர் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதைத்தான் அகீல் சொன்னார். இந்த முறை கெஞ்சினார். “ராத்தா, சும்மா இருங்க. கொஞ்ச நாள்ல அடங்கிப் போயிடும். நீங்க போய்ச் சொன்னா, இனி ஒரு வீட்டுலயும் பொம்பளப் பக்கம் உங்கள எடுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாம நடந்தது தானே?”

நூருன்னிஸா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கலை வட்ட மண்டபத்தில் தான் சொன்னது அவருடைய காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் காதிலும் அதுதான் விழுந்தது. கெமராவைப் பையில் போட்டார். “அக்கா, கடைய மூடிட்டு வாறீங்களா? உக்குவளைக்குப் போகணும்.”

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டு வந்தார். நான் என் பங்குக்கு அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

மாமியார் எங்களை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நல்ல வீடு. வாசலில் சாக்கு விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நூருன்னிஸா உட்காரவில்லை. கெமராவை மேசையில் வைத்து, கதவைத் திறந்து, இரண்டு பள்ளத்தையும் காட்டினார்.

“மாமி, இதுல ஒண்டத்தான் நான் குடுத்தேன். மத்தது இதுக்குள்ள இருந்த. எங்கட கடையில இருந்துதான் வெளிய போன. புள்ளக்கி ஒண்டும் தெரியா.”

மாமியார் இரண்டு பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “தெரியாம நடந்ததா?”

“எனக்குத் தெரியா. ஆனா என்ட கெமரா. என்ட கை.”

“அப்ப இனி உங்கள நம்பி எப்பிடிப் பொம்பளப் பக்கத்துக்கு விடுற?”

“விட வாணாம்” என்றார் நூருன்னிஸா. “நானே சொல்றேன், விட வாணாம். புள்ளய மட்டும் ஏச வாணாம்.”

கதவோரம் அம்றா நின்றாள். கல்யாணமான பிள்ளையின் முகமா அது? ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஒரு பிள்ளையை இப்படி வாடவிட்டவர்கள், வந்து உண்மை சொன்னவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். மாமியார் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். போனைக் கொண்டுவந்து அம்றாவின் கையில் கொடுத்தார். “உம்மாக்கு எடு” என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அம்றா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுடைய அழுகை வெளியே கேட்டது. நூருன்னிஸா கெமராவை மூடினார்.

மாமியார் சொன்னதைச் செய்தார். ஊர் ஊராகப் பேச்சுப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் இருந்தும் நூருன்னிஸாவுக்கு அழைப்பு இல்லை. எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறார்கள். “என்ன நேர்மையான பொம்பள! தானாப் போய்ச் சொல்லியிருக்கா!” என்று என் கடையில் நின்று பூ வாங்கிக்கொண்டே சொல்கிறார்கள். அப்படியானால் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிடமாட்டார்கள். கண்டியில் இருந்து வேறு பெண்ணை வரவழைக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கெமராவுக்கு எத்தனை பள்ளம் என்று யாராவது கேட்டார்களா? அதை நினைத்தால் சாமி கும்பிடும்போதுகூட எனக்கு மனம் ஒருநிலைப்படுவதில்லை.

அகீல் இப்போது அக்காவின் முன்னால் சத்தமாகப் பேசுவதில்லை. பேஸ்புக் பக்கத்தை மூடிவிட்டார். ஸ்டூடியோவின் வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் முன்பு சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் இருந்தன. நூருன்னிஸா ஒவ்வொரு வீடாகப் போய் அவற்றையும் கொடுத்துவிட்டு வந்தார். பெட்டியில் இப்போது ஒரு கடிகாரமும் தொழுகை நேரம் போட்ட கலண்டரும்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை நடுப்பகல் ராசையா ஐயா என் கடைக்கு வந்தார். கலை வட்டத்தின் ஆண்டு விழாவில் நூருன்னிஸாவை மேடையேற்றி கௌரவிக்கப் போகிறார்களாம். “அன்னைக்கிச் சிரிச்சதுக்கு நாங்களும் ஒரு பரிகாரம் செய்யணும் தானே? நல்லதா ஒரு மாலை வேணும்மா. ரோஜாவும் மல்லிகையுமா” என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊர் ஒருவழியாகக் கண்ணைத் திறந்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் போனதும் தெருவைக் கடந்தேன்.

கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தபோது கூட்டம் மாலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரும்பியது. நூருன்னிஸா ரிமோட்டைத் தொடவில்லை. முதல் தடவையாக நான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பெரிய மாலை. ஸ்டூடியோக்காரன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெண்ணின் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறான். கூட்டம் கைதட்டுகிறது. முற்றும்.

நான் ராசையா ஐயா வந்து போனதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் சுருங்கிவிட்டது.

நூருன்னிஸாவின் முகம் சிவந்தது. “எனக்கு மாலையா? அம்றா அழுத அழுகைய நீங்களும் தானே கேட்டீங்க? அவங்களுக்குக் கேக்கல்லயா?” என்றார். பிறகு கோபம் அடங்கி, “ஐயா பாவம், நல்ல மனசோடதான் செய்றார். அவருக்கு ஏச வாணாம்” என்றார்.

அதற்குள் வெளியே யாரோ இருமினார்கள். அடையாள அட்டைப் படத்துக்கு ஒருவர் வந்திருந்தார், நாவுலப் பக்கத்து விவசாயி போல இருந்தது, சட்டையின் கழுத்து நைந்திருந்தது. நூருன்னிஸா அவரைப் பார்த்து, இந்தக் கலர் கெமராவுக்கு ஒத்துவராது என்று சிங்களத்தில் சொல்லி, வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், கெமராவின் கதவைத் திறந்து அவருடைய முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு பள்ளத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். இப்போது யார் வந்தாலும் முதலில் இதைச் செய்கிறார். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். நூருன்னிஸா ஓர் அட்டையை மட்டும் எடுத்துச் செருகினார்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். சாயங்காலப் பூசைக்குப் பூக்கட்ட நேரமாகியிருந்தது. “போயிட்டு வாறேன் தங்கச்சி” என்றேன்.

“அக்கா” என்றார், கெமராவில் வைத்த கண்ணை எடுக்காமல். “கட்டுறது உங்கட தொழில்னு அன்னைக்கிச் சொன்னீங்க. அந்த மாலைய மட்டும் எனக்கின்னு கட்டிறாதீங்க.”